வேலிக்கு ஊற்றிய பால்

ஆப்பிரிக்காவில் ஒரு பெரிய புல்வெளி. அங்கே வரிக்குதிரைகளும் காட்டெருமைகளும் ஒன்றாக மேய்ந்து வந்தன. யாராவது வந்து "நீங்கள் யார்?" என்று கேட்டால் "நாங்க புல்வெளிக்காரங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்து மேயும். அதற்கு மேல் சொல்ல அவற்றுக்கு எதுவும் தோன்றியதில்லை.

அவற்றுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. வெயில் ஏறியதும் ஒரு வரிக்குதிரையும் ஒரு காட்டெருமையும் ஜோடி சேர்ந்து, எதிரெதிர்த் திசை பார்த்து நிற்கும். இதன் தலை அதன் முதுகில், அதன் தலை இதன் முதுகில். வரிக்குதிரைக்குக் கண் கூர்மை. தூரத்துப் புல்லில் சிங்கத்தின் காது அசைந்தாலும் தெரிந்துவிடும். எருமைக்கு மூக்கு கூர்மை. கண்ணுக்குத் தெரியாததெல்லாம் அதன் மூக்குக்குத் தெரியும். இப்படி நின்றால் இரண்டு பேருமே கொஞ்சம் கண் அசரலாம்.

மிலியா என்ற வரிக்குதிரைக்கு நியாத்தி என்ற காட்டெருமை ஜோடி. நியாத்தி மூத்தவள். அதனால் மிலியா அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

ஒரு நாள் கடல் தாண்டி ஒரு கப்பல் வந்தது. அதிலிருந்து ஏழு செந்நரிகள் இறங்கின. ஏழே ஏழுதான்! ஓர் எருமை தூக்கத்தில் புரண்டு படுத்தால் அதில் இரண்டு நசுங்கிப் போயிருக்கும். ஆனால் அவை நடந்த நடையையும் பேசிய தோரணையையும் பார்த்துப் புல்வெளிக்காரர்கள் "துரை, துரை" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். வந்தவருக்கு மரியாதை கொடுத்தே பழகிய சனம், வேறென்ன செய்யும்.

நரிகளில் மூத்ததைப் பெரிய துரை என்றார்கள். அவர் மிலியாவைத் தனியே அழைத்தார்.

"அம்மணி, அந்த எருமை தன் தலையை ஏன் உன் முதுகில் வைக்கிறது?"

"எப்பவும் அப்படித்தான் துரை. கொஞ்சம் இளைப்பாறுவோம்."

"எருமைத் தலை என்றால் என்ன கனம்! கொம்பு வேறு. உன்னைச் சுமைதாங்கியாக்கி வைத்திருக்கிறது. இதற்கு உங்கள் ஊரில் சிநேகம் என்று பெயரோ?"

மிலியா அதுவரை அந்தக் கனத்தை ஒரு கனமாகவே நினைத்ததில்லை. அன்று மதியம் நியாத்தி தலையை வைத்ததும் அவளுக்கு முதுகு வலித்தது. மறுநாள் இன்னும் அதிகமாக வலித்தது. மூன்றாம் நாள் அவளே விலகிப் போய் நின்றுகொண்டாள். அக்கா கோபிப்பாள் என்று எதிர்பார்த்தாள். ஆனால் நியாத்தியும் ஒன்றும் கேட்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புல்வெளி முழுக்க இதே கதைதான். ஒரு மாதத்தில் ஜோடிகள் எல்லாம் பிரிந்துவிட்டன.

பிறகு துரைகள் ஒரு நார்க்கயிற்றை எடுத்துவந்து எல்லோருடைய மூக்கையும் அளந்தார்கள். வரிக்குதிரை மூக்கு மெலிந்த மூக்கு, ஆகவே உயர்ந்த இனம் என்றார்கள். எருமை மூக்கு அகன்ற மூக்கு, ஆகவே அடுத்த இனம். நரிக்கும் மெலிந்த மூக்குதான் என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. இனம் இரண்டு என்றால் இடமும் இரண்டாக வேண்டாமா? புல்வெளியின் நடுவே நீளமாக ஒரு முள்வேலி போடச் சொன்னார்கள். முள்ளைச் சுமந்துவந்து போட்டது வரிக்குதிரைகளும் எருமைகளும்தான். துரைகள் நிழலில் நின்று கோணல் பார்த்துச் சொன்னார்கள்.

"வேலி உங்களைக் காக்கிறது. அதைப் பராமரிக்க வேண்டும் அல்லவா?" என்றார் பெரிய துரை. "பால் தரும் தாய்மார் எல்லோரும் தினமும் காலையில் எங்கள் முகாமுக்கு வந்து, கல்தொட்டியில் பாதிப் பாலை ஊற்றிவிட்டுப் போகட்டும்."

அந்தப் பாலை நரிகள் வயிறு முட்டக் குடித்தன. மீதியை உறையவைத்துக் கட்டியாக்கிக் கப்பலில் தங்கள் ஊருக்கு அனுப்பின.

மிலியாவின் கழுத்தில் ஒரு பித்தளை மணியைக் கட்டி, வேலித் தலைவி என்று பட்டமும் கொடுத்தார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நடக்கும்போது மணி சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காகவே தேவையில்லாத இடத்துக்கெல்லாம் நடந்தாள். பால் ஊற்ற வராதவர்களை விரட்டிக்கொண்டு போவதும் அவள் வேலை. செபா என்ற கிழட்டு வரிக்குதிரையின் மகளை, பிள்ளை பெற்ற மூன்றாம் நாளே முகாமுக்கு ஓட்டிப் போனாள். சொன்னால் வெட்கக்கேடு, ஆனால் அப்போது அவளுக்கு அது கடமையாகத்தான் தெரிந்தது.

இரண்டு வருஷம் இப்படி ஓடியது. மழை இரண்டு பக்கமும் பெய்ததால் யாருக்கும் பெரிய கஷ்டம் தெரியவில்லை. மூன்றாம் வருஷம் மழை பொய்த்தது. புல் கருகியது, குட்டைகள் வெடித்தன. அந்த நேரம் பார்த்து மிலியாவுக்கு ஒரு குட்டி பிறந்தது. கிட்டோ என்று பேர் வைத்தாள்.

கிட்டோவுக்குப் பால் போதவில்லை. முட்டி முட்டிப் பார்த்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்ப்பான். பதினைந்தாம் நாள் எழுந்து நிற்பதே அவனுக்குப் பெரும்பாடாக இருந்தது.

மிலியா முகாமுக்கு ஓடினாள்.

"துரை, இந்த ஒரு மாசம் எம் பாலை விட்டுடுங்க. பிள்ளை செத்துப் போயிடுவான்."

"விதியைத் தலைவியே மீறலாமா?" என்றார் பெரிய துரை. அவர் மீசையில் பாலாடை ஒட்டியிருந்தது. "உன் கஷ்டத்துக்கு நான் என்ன செய்ய? இருக்கிற தண்ணீரெல்லாம் எருமைகள் பக்கம் இருக்கிறது. அவர்கள் குடித்துக் கொழுக்கிறார்கள். கோபப்பட வேண்டுமென்றால் அங்கே போய்க் கோபப்படு."

மிலியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உச்சி வெயிலில் நேரே வேலிக்குப் போனாள். திட்டித் தீர்த்துவிடுவது என்றுதான் போனாள்.

முள்ளுக்கு அந்தப் பக்கம் ஓர் எருமை நின்றது. விலா எலும்பெல்லாம் வெளியே தெரிந்தது. கழுத்தில் ஒரு பித்தளை மணி. மிலியாவுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. அது நியாத்தி.

"அக்கா, உனக்கும் மணி கட்டியிருக்காங்களா?"

"வேலித் தலைவியாம்," என்றாள் நியாத்தி. "உன்னைத் திட்டலாம்னுதான் வந்தேன். தண்ணியெல்லாம் உங்க பக்கமே இருக்காமே? துரை சொன்னாரு."

"எங்க பக்கமா? உங்க பக்கம் இருக்குன்னு இப்பத்தானே எங்கிட்ட சொல்லி அனுப்புனாரு!"

இரண்டு பேரும் வேலி இடுக்கு வழியாக மாறி மாறி எட்டிப் பார்த்தார்கள். இந்தப் பக்கமும் புழுதி, அந்தப் பக்கமும் புழுதி.

"உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றாள் நியாத்தி. "அப்ப நாம சேர்ந்து நிப்போமே, நீ என் முதுகுக்குப் பின்னால என் கன்னுக்குட்டியையே வேவு பாத்தியாமே? நெசமா?"

"சிங்கம் வருதான்னு பாத்தேன் அக்கா. உன் கன்னுக்குட்டிக்காகத்தான் பாத்தேன்."

"நீயும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம விலகிப் போயிட்டியே."

"நீ என்னைச் சுமைதாங்கியா வச்சிருக்கேன்னு துரை சொன்னாரு. முதுகு வலிச்சது அக்கா. அவரு சொன்னதுக்கப்புறம்தான் வலிச்சது."

நியாத்தி முள்ளுக்கு இன்னும் கிட்டே வந்தாள். "என் கன்னுக்குட்டி போய் எட்டு நாளாச்சு மிலியா. அது போன அன்னைக்கும் தொட்டியில பால் ஊத்தச் சொன்னாங்க. ஊத்திட்டு வந்தேன்."

 திட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த சொல்லெல்லாம் மிலியாவையே திரும்பி வந்து குத்தியது.

"வடக்கு மலைக்கு அந்தப் பக்கம் மழை பெய்யுது," என்றாள் நியாத்தி. "ஏழு நாளா எனக்கு மண்வாசனை வருது. நடுக் கணவாய்ப் பக்கமாத்தான் வருது. ஆனா கணவாய்க்குப் போற வழி எங்க கூட்டத்துல ஒருத்தருக்கும் தெரியாது."

"மலைக்கு மூணு வழி. மூணும் எனக்குத் தெரியும். எந்தப் பக்கம் மழைன்னு தெரியாமத்தான் கிளம்பாம கெடக்கோம். தப்பான வழியில போனா நாலு நாள் வெறும் பாறைதான்."

புல்வெளியைச் சுற்றி எந்தத் தடையும் இருக்கவில்லை. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் போயிருக்கலாம். போகத் தெரிந்த பாதி இந்தப் பக்கமும், மறு பாதி அந்தப் பக்கமும் நின்றுகொண்டிருந்ததுதான் சங்கதி.

மிலியா மணியை வேலி முள்ளில் மாட்டி இழுத்து அறுத்தாள். கூட்டத்தாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். கிழட்டுச் செபா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நேத்து வரைக்கும் எங்களை முகாமுக்கு ஓட்டுனவ நீதானே? இன்னைக்கு உம் பிள்ளை விழுந்ததும் ஞானம் வந்துடுச்சா?"

"ஆமா பெரியம்மா, அப்பத்தான் வந்துச்சு," என்றாள் மிலியா. "உங்க மகளை நான் ஓட்டிட்டுப் போனது தப்பு. இதுக்கு என்னை அப்புறம் என்ன வேணும்னாலும் பண்ணுங்க. இப்ப வேலியைப் பிரிக்க வாங்க."

 முதல் முள்கட்டைப் பல்லால் கவ்வி இழுத்தது செபாதான். மறுபக்கமிருந்து எருமைகள் கொம்பைக் கொடுத்துத் தள்ளின. போட்டது அவர்கள்தானே, எந்த முள் எங்கே கிடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாதா? வெயில் சாய்வதற்குள் வேலி பாதிக்கு மேல் போய்விட்டது.

ஏழு துரைகளும் ஓடிவந்தார்கள்.

"நிறுத்துங்கள்! வேலி போனால் சிங்கம் வரும்!" என்றார் பெரிய துரை.

"போன வாரமே வந்துச்சு துரை," என்றாள் நியாத்தி. "வேலியத் தாண்டித்தான் வந்துச்சு. ரெண்டு பேரை அடிச்சுச்சு. அப்ப நீங்கள்லாம் எங்க இருந்தீங்க?"

"மரத்து மேல்," என்று ஒரு குட்டித் துரை அவசரப்பட்டு உண்மையைச் சொல்லிவிட்டார்.

பெரிய துரை அவரை முறைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சரி, போங்கள். ஆனால் வழியில் யார் தலைமை? வரிக்குதிரையா, எருமையா? அதை முடிவு செய்யாமல் போனால் அடித்துக்கொள்வீர்கள். நான் வேண்டுமானால் தீர்த்து வைக்கிறேன்."

மிலியா ஒரு கணம் நின்றுவிட்டாள். பழைய ஆசை உள்ளே லேசாகத் தலை தூக்கியது. பொய் சொல்வானேன், தூக்கத்தான் தூக்கியது. பிறகு கூட்டத்தோடு கிடந்த கிட்டோவை மூக்கால் நெம்பி எழுப்பி நிறுத்திக்கொண்டு, பெரிய துரையைத் தாண்டி நடந்தாள். அவள் பின்னால் ஆயிரம் குளம்புகள் நடந்தன. துரைகள் சிதறி ஒதுங்கினார்கள்.

ஆனால் ஒரு சங்கதி. இரண்டு வருஷப் பழக்கம் ஒரே நாளில் போய்விடுமா? வரிக்குதிரைகள் இடப்பக்கமும் எருமைகள் வலப்பக்கமுமாக, நடுவே வேலி அகலத்துக்கு இடம் விட்டே நடந்தன. அந்த வெற்றிடத்தில் ஒருவரும் கால் வைக்கவில்லை. மிலியா வழி சொன்னாள், நியாத்தி வாசனை சொன்னாள். இரண்டையும் தூரத்திலிருந்து கத்தித்தான் சொன்னார்கள்.

இரண்டாம் நாள் மதியம் கணவாய் அடிவாரத்தில் கிட்டோ விழுந்தான். மிலியா அவனை நக்கினாள், மூக்கால் தள்ளினாள். அவன் எழவில்லை. அவள் மடியில் ஒரு சொட்டுப் பால் இல்லை. "இவ்வளவு தூரம் வந்தும் பிள்ளையை விட்டுடப் போறேனே," என்று வாய்விட்டு அழுதாள்.

வரிக்குதிரைகள் நின்றன. எருமைகளும் நின்றன. நியாத்தி அந்த வெற்றிடத்தைத் தாண்டி வந்தாள். குட்டிக்கு எட்டுகிற மாதிரி முழங்கால் மடித்துப் பாறைமேல் சரிந்து படுத்தாள். கன்று போன பிறகும் அவள் மடியில் கொஞ்சம் ஊறியிருந்தது. இத்தனை நாளும் தொட்டிக்குப் போன பால் அது.

கிட்டோ மோந்து பார்த்தான். பிறகு சப்பினான். கொஞ்ச நேரத்தில் அவன் வால் ஆட ஆரம்பித்தது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த செபா நேரே எருமைகளுக்கு நடுவில் போய் நின்றாள். அவள் மகளும் போனாள். பிறகு யார் யார் எப்படிக் கலந்தார்கள் என்று சொல்ல முடியாது. கணவாய்க்குள் நுழைந்தபோது அது ஒரே கூட்டமாக இருந்தது.

மறுநாள் காலை மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினார்கள். மழை! தூறல் இல்லை, கொட்டுகிற மழை. ஓடை ஓடியது. முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் புல். எருமைகள் சேற்றில் விழுந்து புரண்டன. சில வரிக்குதிரைகள் சிரித்தன, சில அழுதன. மிலியா வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுக் கண்ணை மூடி நின்றாள். அப்பாடா என்று இருந்தது.

அங்கே புல்வெளியில் ஏழு துரைகளும் காலியான தொட்டியைச் சுற்றி மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு கப்பல் ஏறிவிட்டார்கள் என்று பறவைகள் வந்து சொன்னன. கேட்டவர்கள் "அப்படியா" என்று சொல்லிவிட்டு மேயப் போனார்கள்.

பத்து நாளில் மிலியாவுக்குப் பால் சுரந்தது. கிட்டோவைக் கூப்பிட்டாள். அவன் வந்து வயிறு முட்டக் குடித்தான். குடித்துவிட்டு நேரே நியாத்தியிடம் ஓடிப் போய் அங்கேயும் முட்டினான்.

"டேய், இப்பத்தானே குடிச்ச?" என்றாள் மிலியா.

"குடிக்கட்டும் விடு," என்றாள் நியாத்தி. "எம் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியதைத் தொட்டியில ஊத்துனவ நான். யாருக்குக் கொடுக்கணும்னு இப்பவாவது நானே முடிவு பண்றேனே."

நம்மைக் காக்கிறேன் என்று சொல்லி நம்மைப் பிரித்து வைப்பவனின் பேச்சை நம்புவதற்கு முன்னால், பிரிந்து நிற்பவரிடமே நேரில் போய் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.