வாத்திடம் கேட்காமல் விட்ட கேள்வி

மலைகள் நிமிரக் கற்றுக்கொள்ளாத காலம் அது. இன்று அண்ணாந்து பார்க்கிறோமே இமயம், அது அப்போது ஆசியப் பெருநிலத்தின் நடுவில் எருமை போலப் படுத்துக் கிடந்தது. குறுக்கே எதுவும் நிற்காததால் தெற்கே கூப்பிட்டால் வடக்கே கேட்கும். பறவைக்கும் மனிதருக்கும் மலைக்கும் ஒரே பேச்சு.

காற்றுக்கும் தடை கிடையாது. தென்கடலில் நீரை முகந்த மழைக்காற்று நிலம் முழுவதையும் நனைத்துக்கொண்டே வடகோடி வரை போகும். அங்கே புல் இடுப்பளவு வளர்ந்தது. ஆனால் பனிநாட்டு வாடைக்காற்றும் அதே வழியில் தெற்கே இறங்கும். வாடைக்கு ஈவிரக்கம் கிடையாது. தாமிரபரணிக் கரையில் கதிர் பால்பிடிக்கும் நேரம் பார்த்து வந்து ஊதும். வயல் முழுக்கப் பதராகிவிடும். அந்தக் கரையில் இருந்த ஓர் ஊரில் பல வீடுகளில் அடுப்பு எரிந்து நாளாகியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஊர்க் குளத்தில் ஒரு வெள்ளைத்தலை வாத்து வந்து இறங்கியது. வடக்கே ஓர் ஏரிக்கரையில் அதன் குஞ்சுகள் தகப்பனோடு இருந்தன. ஏரி உறைவதற்குள் அவற்றை வேறு இடத்துக்குக் கூட்டிப்போகாவிட்டால் பட்டினியில் செத்துவிடும். இடம் தேடி வந்த தாய்க்கு இந்தக் குளம் பிடித்துப்போயிற்று.

ஊர்க்காரர்கள் விருந்தாளி என்றால் உயிரையே விடுவார்கள். மாடத்தி என்பவள் வீட்டில் மிச்சமிருந்த நெல்லை முறத்தோடு கொண்டுவந்து கொட்டினாள். "சாப்பிடு தாயி, இங்க என்ன கொறச்சல்!" என்றாள். விருந்தாளி காதில் வீட்டுக் கஷ்டம் விழக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அதனால் மத்தியான வெயிலில் வாத்து கண்ணயரும் வரை காத்திருந்து, பிறகு கரையில் ஓசைப்படாமல் கூடினார்கள்.

ஊர்த்தலைவர் வண்டிமலையான் கரையின் மறுகோடிக்குப் போய், வடக்கே பார்த்துக் கையைக் குவித்தார். "இமயம் அண்ணாச்சி! கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்க. வாடைய மறிச்சாப் போதும், எங்க புள்ளைங்க பொழச்சுக்கிடும்."

"நின்றால் இரண்டு காற்றையும்தான் மறிப்பேன்," என்றது இமயம். "அந்தப் பக்கம் மழை போகாது. அங்கே யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தீர்களா?"

"அங்க யாரு இருக்கப் போறா? எங்களுக்குத் தெரிஞ்சு ஒருத்தரும் இல்ல."

அங்கிருந்து வந்தவளே அதே குளத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். எந்த ஊர் என்று யாரும் அவளைக் கேட்டிருக்கவில்லை.

இமயம் எழுந்தது. பூமி குலுங்கியது. எழுந்த வேகத்தில் முழங்கால் இறுகிப்போய்விட்டது. இனி அதற்கு உட்கார வழியில்லை. வாடை மறுபக்கம் முட்டி நின்றது. மழைக்காற்று இந்தப் பக்கம் முட்டி, இருந்த நீரையெல்லாம் இங்கேயே கொட்டியது. ஊரே கூத்தாடியது.

வாத்து திடுக்கிட்டு எழுந்து வடக்கே பார்த்தது. "என் பிள்ளைகள் அந்தப் பக்கம் இருக்கின்றன," என்றது.

கூத்து நின்றது. மாடத்தி வாத்தின் பக்கம் ஓடிவந்தாள். "ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா தாயி?"

"நீங்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கழுகாலகூடத் தாண்ட முடியாதே இத," என்று தலையில் கைவைத்தார் வண்டிமலையான்.

"உயரமாக நிற்பது அதன் வேலை. பறப்பது என் வேலை," என்றது வாத்து. "குளத்தை மட்டும் எங்களுக்கு வைத்திருங்கள். பிள்ளைகளோடு வருவேன்."

மாடத்தி வீட்டுக்கு ஓடிப் பானைக் கரியை விரலில் வழித்து வந்தாள். "கண்ணு படக் கூடாது," என்று வாத்தின் வெள்ளைத் தலையில் இரண்டு கோடு இழுத்தாள். அவசரத்தில் கோடு கொஞ்சம் வளைந்துவிட்டது.

வாத்து மேலே ஏற ஏறக் காற்று மெலிந்தது. சிறகில் பனி படிந்தது. "திரும்பிப் போ, மூச்சு நின்றுவிடும்," என்றது இமயம்.

"உன்னால் குனிய முடியுமா?"

"முடியாது."

"அப்படியானால் என்னைப் பேசவைக்காதே. மூச்சு எனக்கு வேண்டும்."

இமயத்துக்கு வெட்கமாகிவிட்டது. "என் பனியில் கொஞ்சம் உருக்கி உன் ஏரிக்கு விடுகிறேன்," என்று முனகியது. வாத்து அதற்குள் உச்சியைத் தாண்டியிருந்தது.

வடக்கே புல் காய்ந்து மண் தெரிந்தது. ஏரியின் ஓரம் உறையத் தொடங்கியிருந்தது. குஞ்சுகளுக்கு நல்ல காலம், இறகு முளைத்திருந்தது. தாய் தன் தலையை ஒவ்வொரு தலையிலும், தகப்பன் தலையிலும் தேய்த்துக் கரியை ஒட்டவைத்தது. பிறகு எல்லோரும் கிளம்பினார்கள்.

மார்கழியில், கதிர்கள் மணி பிடித்துச் சாய்ந்து நின்ற ஒரு காலையில், குளத்தின் மேல் கூச்சல் கேட்டது. மாடத்தி முறத்தில் நெல்லை அள்ளிக்கொண்டு ஓடினாள். வந்து இறங்கிய எல்லாத் தலையிலும் இரண்டு கறுப்புக் கோடு. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இந்த முறை முறத்தைக் கீழே வைக்கும் முன்பே கேட்டாள்: "ஒங்க ஊர்ல மழ உண்டா தாயி?"

வாத்து வடக்கே திரும்பிப் பார்த்தது. "இல்லை," என்றது. "ஆனாலும் கேட்டாயே, அது போதும்."

அந்த மார்கழி தொட்டுத்தான் வரித்தலை வாத்து இமயத்துக்கும் மேலே பறந்து நம் குளங்களுக்கு வருகிறது. எந்த ஊரிலிருந்து யார் வந்தாலும், தண்ணீர்ச் செம்பை நீட்டும்போதே நம்மவர்கள் முதலில் கேட்பதும் அன்றிலிருந்துதான்: "உங்க ஊர்ல மழை உண்டா?"