எரிவதெல்லாம் விளக்கெண்ணெய்

முன்னொரு காலத்தில், கடலோர நாடு ஒன்றில் இருப்புக்கொள்ளாத ராஜா ஒருவர் இருந்தார். வழக்கு எதுவானாலும் வாயிலிட்ட தாம்பூலம் கரைவதற்குள் தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

ஐப்பசி மழை நெருங்கிய சமயம். தண்ணீர் கசியாமல் தோணிகளின் அடியில் பூசுவதற்காக உதுமான் மரைக்காயர் கப்பல் நிறையக் கீலெண்ணெய் கொண்டுவந்தார். தோணிச் சாமானுக்குச் சுங்கம் கிடையாது. ஆனாலும் சுங்கத் தலைவர் அளகேசர் பீப்பாய்களுக்கு அரக்கு முத்திரை வைத்துத் துறையிலேயே மறித்துவிட்டார். காரணம், மரைக்காயருக்காகப் பரிந்து பேசியவன் அரசவை விகடகவி தாண்டவப்பன். அவனைக் கண்டாலே அளகேசருக்கு ஆகாது.

சபையில் அவர் ஒரு திரியைக் கீலெண்ணெயில் நனைத்துக் கொளுத்திக் காட்டினார்.

"மகாராஜா, எரிகிறது பாருங்கள்! எரிவதெல்லாம் விளக்கெண்ணெய். விளக்கெண்ணெயில் பாதி சுங்கமாக அரண்மனைக்குச் சேரவேண்டும்."

"எரிவதெல்லாம் விளக்கெண்ணெய்! இனி இதுவே சட்டம். எதிர்த்துப் பேசுகிறவனுக்கு இந்த நாட்டில் இடமில்லை" என்று ராஜா எழுந்து போய்விட்டார்.

தாண்டவப்பன் திறந்த வாயை மூடிக்கொண்டான். கடற்கரைக்குப் போனான். விரிசல் விட்ட தோணிகளைச் சுற்றி மீனவர்கள் வானத்தைப் பார்த்தபடி நின்றார்கள். பார்க்கப் பொறுக்காமல் திரும்பினான்; மனசு கேட்காமல் மறுபடியும் வந்தான். சட்டென்று நின்றான். எதிர்த்துப் பேசத்தானே கூடாது? கீழ்ப்படியலாமே!

மறுநாள் ராஜா சபைக்கு வந்தால், சிம்மாசனத்தின் மேல் பெரிய அரக்கு முத்திரை!

"யார் செய்த வேலை இது?"

"தங்கள் சட்டம் செய்த வேலை, மகாராஜா. சிம்மாசனம் சந்தனமரம். எரியும். ஆகவே விளக்கெண்ணெய். பாதியை வெட்டிச் சுங்கத்தில் சேர்க்கும்வரை தாங்கள் அமரலாகாது" என்றான் தாண்டவப்பன்.

கதவு, குடை, பட்டுத் திரை எல்லாவற்றிலும் அரக்கு. உட்கார இடமின்றி ராஜா கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். அளகேசர் பல்லைக் கடித்தார்.

"அப்படியானால் எனக்கும் முத்திரை குத்துவாயோ?"

தாண்டவப்பன் அரக்கோடு அவரை நெருங்கினான். "குத்தத்தானே வேண்டும், ஐயா? என்னைக் கண்டால் தங்கள் வயிறு எரிகிறதே! சட்டப்படி தாங்களும் விளக்கெண்ணெய்தான்."

ராஜா தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். சட்டம் அங்கேயே ரத்தானது. பீப்பாய்கள் சுங்கமின்றிக் கரையேற ஆணை பிறந்தது. தம் முத்துமாலையைக் கழற்றி ராஜா அவன் கழுத்தில் போட்டார்.

கும்பிட்டுவிட்டு அவன் மாலையோடு கடற்கரைக்கு ஓடினான். அங்கே முதல் தூறல் விழுவதற்குள் கடைசித் தோணிக்கும் கீல் பூசி முடித்துவிட்டார்கள்.