பைக்குள் போன சிவப்புச் சீட்டு

இந்தக் கதையில் தளத்து ஆட்கள் மூன்று பேர் வருகிறார்கள். அவர்களில் ஒருவன் நான். யார் என்று இப்போதே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கதை முடிவதற்குள் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

கடலோரக் காவல் படையின் சிறிய தளம் அது. மீட்புக்கு இரண்டு ஹெலிகாப்டர்கள். கடலில் தத்தளிப்பவர்களைக் கயிறு இறக்கித் தூக்கும் மோட்டார் பழுதானால், புதியது வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். அதனால் ஒன்றிலிருந்து கழற்றி மற்றதில் பூட்டிச் சமாளிப்பார்கள். கழற்றிய இடத்தில் ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டித் தொங்கவிட வேண்டும். அவசர அழைப்பு வந்தால் விமானி அந்தச் சீட்டு தொங்குகிறதா என்று மட்டும் பார்ப்பார். இல்லையென்றால் எல்லாம் சரி என்று நம்பிக் கிளம்புவது அங்கே வழக்கம்.

ஒரு நாள் மெக்கானிக் தில்லைநாயகம் இரண்டாவது ஹெலிகாப்டரின் மோட்டாரைக் கழற்றி முதலாவதில் பூட்டினார். கழற்றிய இடத்தை மூடிச் சீட்டையும் கட்டினார். மறுநாள் காலை முதல் ஹெலிகாப்டர் ரோந்துக்கு வெகுதூரம் போய்விட்டது. தில்லைநாயகம் புது மோட்டார் வந்ததா என்று விசாரிக்க நகரத்துக்குப் போனார்.

அன்று பார்த்து மேலதிகாரி ஒருவர் தளத்தைப் பார்வையிட வந்தார். உதிரிபாகம் இல்லாதது அவர் கண்ணில் பட்டால் மானம் போய்விடும் என்று, ஸ்டோர் பொறுப்பாளர் குணபாலன் சீட்டை அவிழ்த்துத் தன் பேன்ட் பைக்குள் திணித்துக்கொண்டான். அவர் போனதும் மறுபடி கட்டிவிடலாம் என்பது அவன் கணக்கு.

அதிகாரி டீ குடித்துக்கொண்டிருந்தபோது சைரன் ஒலித்தது. மீன்பிடிப் படகு கவிழ்ந்து அண்ணன் தம்பி இருவர் தண்ணீரில் கிடந்தார்கள். முந்தின நாள் விடுப்பில் இருந்த விமானி நவநீதன் ஓடி வந்தார், சீட்டு இல்லாததைப் பார்த்தார், எஞ்சினைக் கிளப்பினார். விசிறி வேகம் பிடித்து மேலே எழும்ப மூன்று நிமிடம் ஆகும். குணபாலன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"பரவாயில்லையே, உங்க ஆளுங்க நல்லா சுறுசுறுப்பா இருக்காங்க" என்று அதிகாரி அவன் தோளில் தட்டினார்.

"ஆமா சார்" என்றான்.

மீனவர்களின் தலைக்கு மேலே போய் நின்ற பிறகுதான் கயிறு இறங்காது என்று தெரிந்தது. நவநீதன் மிதவைகளைப் போட்டுவிட்டு முதல் ஹெலிகாப்டரை அழைத்தார். அது வந்தபோது அண்ணன் செபஸ்தி மட்டும் இருந்தார். தம்பி கஸ்மீர் இல்லை.

பத்து நாள் கழித்து செபஸ்தி தளத்துக்கு வந்தார். "கயிறு வரும் வரும்னு அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்தான் சார், தம்பி. அவன் விதி அப்படி. இருந்தாலும் எங்களுக்காக வந்தீங்களே, அதுவே பெருசு" என்று மூவரையும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நான் அதைக் கழட்டியே இருக்கக்கூடாது" என்று தில்லைநாயகம் அழுதார். "நான் இயக்கிப் பாத்துட்டுக் கிளம்பியிருக்கணும்" என்றார் நவநீதன். குணபாலனும் பதிலுக்குக் கும்பிட்டான்.

இந்த மூவரில் வெட்கித் தலைகுனிய வேண்டியவர் யார்? எதற்காக?

விடை: தில்லைநாயகம் முறைப்படி சீட்டைக் கட்டினார். நவநீதன் அந்த முறையை நம்பினார். குணபாலன் சீட்டை அவிழ்த்தது அசட்டுத்தனம், அதைக்கூட மன்னிக்கலாம். ஆனால் அவனுக்கு முழுசாக மூன்று நிமிடம் இருந்தது. ஒரு சத்தம் போட்டிருந்தால் முதல் ஹெலிகாப்டரை அப்போதே திருப்பியிருப்பார்கள், கஸ்மீர் பிழைத்திருப்பான். அதிகாரியின் கை தோளில் இருந்த சுகத்தில் அவன் வாயைத் திறக்கவில்லை. சீட்டு காற்றில் பறந்திருக்கும் என்று விசாரணையை முடித்துவிட்டார்கள். அது யாருடைய பைக்குள் போனது என்று ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். அவன்தான் உங்களுக்கு இந்தக் கதையைச் சொன்னான். செபஸ்தியிடம் இன்னும் சொல்லவில்லை.