சொல்லாமல் கொள்ளாமல் போன மாங்குயில்

அந்தக் காலத்தில் பறவைகளும் நம்மைப் போலவே பேசும். பொய் மட்டும் பேசத் தெரியாது. நத்தம் பக்கத்து மலையடிவாரத்தில் வீராயி என்றொருத்தி இருந்தாள். அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு மாமரம். அது காய்த்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும்.

ஒரு மாசியில் பூவெல்லாம் புழு விழுந்து கருகத் தொடங்கியது. வீராயி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, வடக்கேயிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு மாங்குயில் வழிதப்பி வந்து இறங்கியது. இருந்த புழுவையெல்லாம் பொறுக்கித் தின்றது. தின்ற நேரம் போக மீதி நேரமெல்லாம் பாடியது. அந்த வருஷம் கிளை ஒடியக் காய்த்தது. இருவரும் அக்கா தங்கை ஆகிவிட்டார்கள்.

ஆனி பிறந்தது. "அக்கா, நான் போறேன்" என்றது மாங்குயில்.

வீராயிக்குப் பகீரென்றது. "வாயக் கழுவுடி. போறேன்னா சொல்லுவாங்க? போயிட்டு வாரேன்னு சொல்லு."

"போன இடத்துக்கே மறுபடி போறவ இல்லக்கா நான். வாரேன்னு சொல்லிட்டு வராம இருந்தா அது பொய்யாயிடுமே."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. போறேன்னு சொல்லிட்டு என் மரத்தவிட்டு நீ கிளம்ப முடியாது."

மாங்குயிலுக்குத் தர்மசங்கடமாகப் போயிற்று. மறுநாள் வீராயி தண்ணீருக்குப் போன நேரம் பார்த்துப் பறந்துவிட்டது. குடத்தோடு திரும்பியவள் வெறுங்கிளையைப் பார்த்து அழுதே விட்டாள். "ஒரு வார்த்தை சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாளே" என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் புலம்பினாள்.

அடுத்த மாசியில் மரம் பூத்தது. கூடவே புழுவும் வந்தது. வீராயி வேலையைப் போட்டுவிட்டு வடக்கு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாம் நாள் உச்சிக்கிளையில் மஞ்சளாக ஏதோ அசைந்தது.

"எதுக்குடி வந்த?" கோபமாகத்தான் கேட்க நினைத்தாள், குரல் தழுதழுத்துவிட்டது.

"சொல்லாமப் போனது மனசுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சுக்கா. சொல்லிட்டுப் போயிடலாம்னு வந்தேன்."

வீராயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லலாம், சொல்லலாம். வந்தவ முதல்ல சாப்பிடு."

சாப்பிட்டு முடிப்பதற்குள் ஆனி வந்துவிட்டது. மறுபடியும் அதே வம்பு. போறேன் என்றால் அக்கா விடமாட்டாள். வாரேன் என்று சொல்ல மாங்குயிலுக்கு வாய் வரவில்லை. இந்த முறை வீராயியே குடத்தை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் மெல்ல நடந்தாள். சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது.

அன்று முதல்தான் மா பூக்கும்போதெல்லாம், சொல்லிக்கொண்டு போவதற்காக மாங்குயில் வருகிறது. இன்னும் சொன்னபாடில்லை.