வாசலில் நிற்கிறவன்

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை. இப்போது நம்புகிறேனா என்று கேட்டால், அதற்கும் என்னிடம் நேரான பதில் இல்லை.

சொன்னவன் தெய்வசிகாமணி. ஒரு காலத்தில் நானும் அவனும் ஒரே டிவி தொடருக்கு வசனம் எழுதினோம். ஒரே அறையை மூன்று கோணத்தில் மூன்று முறை கன்னத்தில் விழவைத்துப் பிழைத்தவர்கள். அதனால் அவன் எதைச் சொன்னாலும் பாதியைக் கழித்துவிட்டுக் கேட்பது என் பழக்கம்.

இதில் எந்தப் பாதியைக் கழிப்பது என்று இன்றுவரை பிடிபடவில்லை.

*

"இது ஏமாத்துங்க" என்றான் தெய்வசிகாமணி.

"எது சார்?" என்றாள் பெனிட்டா.

கோவையில் வீடியோ கேம் செய்கிற ஒரு சின்ன நிறுவனம் அது. சுடுவது, ஓடுவது எல்லாம் கிடையாது. கதைதான். ஆடுகிறவர் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பதிலைத் தேர்ந்தெடுப்பார், கதை அதன்படி போகும். எது எப்படிப் போகவேண்டும் என்று தீர்மானிப்பவள் பெனிட்டா.

தெய்வசிகாமணி அவளைவிடப் பதினாறு, பதினேழு வயது மூத்தவன். தொடர் நின்றுபோனபின் வசனம் எழுத அங்கே சேர்ந்தான். முதல் நாளே, "எனக்கு இதுல ஒரு மண்ணும் தெரியாதுங்க, இனி நீங்கதான் குரு" என்று அவளைக் கும்பிட்டான். கிண்டலாகத்தான். நாளாக ஆகக் கிண்டல் போய் குரு மட்டும் மிஞ்சினாள்.

"அந்த வாசல் காட்சியைச் சொல்றேன். தம்பி வீட்டை விட்டுப் போறேன்னு நிக்கிறான். மூணு பதில் கொடுக்கறோம். போகாதேன்னு சொல்லலாம். போய்த் தொலைன்னு சொல்லலாம். வாயை மூடிட்டும் இருக்கலாம். எதை அமுக்குனாலும் அவன் போயிடறான்."

"ஆமா."

"அப்புறம் எதுக்குங்க மூணு?"

"நீங்க எழுதினதுதானே சார்."



அவன்தான் எழுதினான். அந்த கேமில் மற்றதெல்லாம் வளையும். கல்யாணத்தை நிறுத்தலாம், தறியை விற்கலாம், நாய்க்கு இஷ்டப்பட்ட பெயர் வைக்கலாம். இந்த ஒரு காட்சி மட்டும் அசையாது. ஆடிப் பார்த்துக் குறை சொல்லும் வேலையில் இருந்த ரியாஸ் சலித்துப்போய்ச் சொன்னான்: "எப்படிப் போனாலும் கடைசியில அதே முதுகுதான் சார் தெரியுது."

ரியாஸுக்குத் தெரியாது. தெய்வசிகாமணிக்கு நிஜமாகவே ஒரு தம்பி இருந்தான். ரத்தினம். ஒரு காலையில் வாசலில் நின்று "போறேன்" என்றான். போனான். அதற்குப்பின் அவனைப் பார்த்தவர் யாரும் இல்லை.

அன்று தெய்வசிகாமணி அவனுக்கு என்ன பதில் சொன்னான் என்று நான் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.

*

"நாலாவதா ஒரு வழி வேணும்" என்றான். "அதுல அவன் போகக்கூடாது."

"எழுதுங்க."

"முதலாளி ஒத்துக்குவாருங்களா?"

"சந்தோஷப்படுவார். நீங்க எழுதுங்க."

எழுதினான். தம்பி பையை இறக்கி வைக்கிறான். உள்ளே வருகிறான். சாப்பிட உட்காருகிறான்.

அவள் அதை அப்படியே திரையில் கொண்டுவந்து காட்டினாள். தம்பி உள்ளே வந்தான், உட்கார்ந்தான்.

"அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் பேசுவான்."

"என்ன பேசுவான்?"

ஒரே நாளில் இரண்டு வாரத்துக்கு வசனம் எழுதித் தள்ளியவன் அவன். இதற்குப் பல நாள் உட்கார்ந்தான். தம்பி அழுகிற மாதிரி எழுதினான். அது எங்கள் தொடர் மாதிரியே இருந்தது. சிரிக்கிற மாதிரி எழுதினான். அதுவும் எங்கள் தொடர்தான்.

திரையில் தம்பி தட்டின் முன் வாயைத் திறந்து திறந்து மூடினான். சத்தம் வரவில்லை.

"இது அவனில்லைங்க" என்றான் கடைசியில்.

"வேற யாரு?"

"யாரோ நடிகன். சம்பளத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கான்."

அவள் நாலாவது வழியை அழித்தாள்.

*

மறுநாள் அவன் உட்காரக்கூட இல்லை.

"அப்போ எல்லாம் ஏற்கெனவே முடிஞ்சு போன விஷயம். ஆடறவன் கையில ஒண்ணுமே இல்லை. ஒரு பொத்தானை மட்டும் கொடுத்து, அமுக்கச் சொல்லி, பழியை அவன் தலையில கட்டறோம். இதானா குருவே உங்க வித்தை?"

பக்கத்து மேஜைகளில் தலைகள் திரும்பின.

"உட்காருங்க சார்."

"உட்கார மாட்டனுங்க."

"சரி. நின்னுக்கிட்டே ஆடுங்க."

வாசல் காட்சியைப் போட்டாள். தம்பி வந்து நின்றான். "போறேன்" என்றான். கீழே மூன்று பதில்களும் தெரிந்தன.

கையில் பிடித்து ஆடுகிற கன்ட்ரோலரை அவள் திருப்பினாள். பின்மூடியைத் திறந்தாள். இரண்டு பேட்டரிகளையும் எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களை மடக்கினாள்.

"இப்போ ஆடுங்க."

"எதை வெச்சுங்க?"

அவள் திரையைக் காட்டினாள்.

தம்பி பையை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றினான். நிலையில் கை வைத்தான். வாசலில் கோணலாகக் கிடந்த மிதியடியைக் காலால் நேராக்கினான். கொஞ்சம் பொறுத்து, பையை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றினான். நிலையில் கை வைத்தான். மிதியடியை நேராக்கினான்.

"இதையேதான் செஞ்சுக்கிட்டு இருக்கான்."

"ஆமா."

"வேற ஒண்ணும் நடக்காதுங்களா?"

"நடக்காது."

"எவ்வளவு நேரம் இப்படியே நிப்பான்?"

அவள் எழுந்து டீ வாங்கப் போனாள்.

திரும்பி வந்தபோது அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கை மூடியபடியே இருந்தது.

"டீ ஆறுது சார்."

"சத்தம் போடாதீங்க" என்றான்.

*

அதற்குப்பின் அந்த மெஷினை யாரும் தொட அவன் விடவில்லை. வேறு மெஷினில் தன் வேலையைச் செய்தான். இது பக்கத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. பேட்டரி இரண்டும் சட்டைப் பையில்.

ஒருநாள் முதலாளி வந்து பார்த்தார்.

"என்ன இது, ஒருத்தன் மிதியடியை மிதிச்சுக்கிட்டே நிக்கிறான்?"

"ஆடறவர் இன்னும் பதில் சொல்லலை சார்" என்றாள் பெனிட்டா.

"சொல்லலைன்னா? விடிய விடிய நிப்பானா? கதை தேங்கக்கூடாதும்மா. ஒரு கடிகாரம் வை. பத்து எண்ணறதுக்குள்ள பதில் வரலைன்னா, அவனே கிளம்பிப் போகட்டும்."

அவள் வைத்தாள். அவள் வேலை அது.

வைத்தபின் தெய்வசிகாமணியிடம் வந்து சொன்னாள். "புது வடிவம் இன்னைக்குச் சாயங்காலம் எல்லா மெஷினுக்கும் தானா ஏறிடும்."

"இதுக்கும்?"

"இதுக்கும்."

"கடிகாரம் வெச்சது யாரு?"

"நான்தான்."

அவன் அவளையே பார்த்தான். பிறகு குனிந்து அந்த மெஷினின் இன்டர்நெட் வயரைப் பிடுங்கினான்.

ரியாஸ் ஓடிவந்தான். "சார், சார்! பழைய வடிவத்தை நான் பென் டிரைவ்ல போட்டுத் தரேன். வீட்ல போட்டு எப்ப வேணா பாத்துக்கோங்க. இதே இடத்துக்கு இதே ஆளு வந்து நிப்பான்."

"அதுல வந்து நிப்பான் கண்ணு. இவன் நின்னுக்கிட்டிருக்கான்."

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

"உனக்கு ஒண்ணு."

ரியாஸ் உதவிக்குப் பெனிட்டாவைத் தேடினான். அவளைக் காணோம். மேஜைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"திரையை எடுக்க வேண்டாம் சார், அது கரண்டைக் குடிக்கும். மெஷினும் யூபிஎஸ்ஸும் போதும். சிங்காநல்லூர்தானே? போய்ச் சேர்ற வரைக்கும் தாங்கும்னு நினைக்கிறேன்." தலையில் ஒட்டடையோடு வெளியே வந்தாள். "ரியாஸ், பாத்துக்கிட்டு நிக்காதே. ஆட்டோ புடி."

*

ஆட்டோவில் மெஷின் அவன் மடியில். யூபிஎஸ் அவள் மடியில். சுவரிலிருந்து பிடுங்கிய நொடியிலிருந்து அது கத்திக்கொண்டே வந்தது.

"ஏனுங்கக்கா, வெடிச்சுக்கிடிச்சுப் போயிராதுங்களே?" என்றான் ஆட்டோக்காரன்.

"போகாது. நீங்க போங்க."

"உள்ளார என்னங்க இருக்குது?"

"என்ற தம்பி" என்றான் தெய்வசிகாமணி.

 சிக்னலில் சிவப்பு விழுந்தது. சார்ஜ் இறங்க இறங்கக் கத்தல் வேகமானது. பக்கத்து பைக்குக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆட்டோக்காரன் கண்ணாடி வழியாகப் பின்னால் ஒருமுறை பார்த்தான். பிறகு யாரும் சொல்லாமலே சிவப்பிலேயே வண்டியை விட்டான்.

தெய்வசிகாமணி இதைச் சொன்னபோது இந்த இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

"திரை இல்லையே. வழியில மெஷின் நின்னிருந்தா உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"மெஷினுக்குள்ள விசிறி சத்தம் கேட்டுச்சே."

"விசிறி ஓடினா?"

"ஓடுனா நிக்கிறான்னு அர்த்தம்."

மறுநாள் முதலாளி பெனிட்டாவைக் கூப்பிட்டார். "அந்தாளு மெஷினைத் தூக்கிட்டுப் போனான். நீயும் கூடப் போனியாமே?"

"ஆமா சார்."

"என்னம்மா பண்றான் அதை வெச்சுக்கிட்டு?"

"ஆடிக்கிட்டிருக்கார்."

"கேம் முடிஞ்சு விக்கப் போறோம்!"

"அவர் இன்னும் முடிக்கலை."

இரண்டு பேருக்கும் வேலை போனது. மெஷினைத் திருப்பிக் கேட்டு ஆள் வந்தது. தெய்வசிகாமணி வாசலை மறித்துக்கொண்டு நின்றானாம். பழைய மெஷின்தானே என்று கடைசியில் விட்டுவிட்டார்கள்.

கேம் வெளியானது. நம்பிக்கையில்லாமல்தான் நானும் வாங்கி ஆடினேன். தம்பி வாசலில் வந்து நின்று "போறேன்" என்றான். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவன் போய்விட்டான்.

*

நான் இருப்பது ஒண்டிப்புதூரில். சிங்காநல்லூர் பக்கம்தான். இருந்தும் அவன் வீட்டுக்கு நான் போகாமலே இருந்தேன். போன மாதம் போனேன்.

பல வருடமாக மனதில் வைத்திருந்த கேள்வியோடுதான் போனேன். இதெல்லாம் நிஜமா, இல்லை நாம் எழுதிய தொடர் மாதிரியா? மூஞ்சிக்கு நேரே கேட்டுவிடுவது என்று இருந்தேன்.

கூடத்தில் உட்காரவைத்து டீ கொடுத்தான். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. அதற்குள் ஏதோ மெல்ல இரைந்துகொண்டிருந்தது. ஃபிரிட்ஜாகவும் இருக்கலாம்.

"கரண்ட் போகாதா உங்க ஏரியாவுல?" என்று சுற்றிவளைத்து ஆரம்பித்தேன்.

"மாசம் ஒருநாள் பராமரிப்புன்னு பேப்பர்ல போடறாங்கல்ல, அன்னைக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துருவேன். தெருவுல கேப்பாங்க, உங்க வீட்ல என்ன விசேஷம்னு."

"என்ன சொல்லுவ?"

"தம்பி வந்திருக்கான்னு சொல்லுவேன்."

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. கதவைத் திறந்து காட்டு என்று சொல்லலாம். வாய் வரைக்கும் வந்தது. உள்ளே யாரும் நிற்கவில்லை என்றால் அவன் முகத்தை எப்படிப் பார்ப்பது? நின்றுகொண்டிருந்தால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

அப்போது ஃபேன் நின்றது.

உள்ளறையில் யூபிஎஸ் கத்தத் தொடங்கியது.

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "ரெண்டு நிமிஷத்துல வந்துரும்" என்றான். "எப்பவும் வந்துரும்."

வரவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ யாரிடமோ கத்திச் சொன்னார்கள்: "டிரான்ஸ்ஃபார்மர் புகைஞ்சு போச்சுங்க! இன்னைக்கு வந்த மாதிரிதான்!"

அவன் கை சட்டைப் பைக்குப் போனது. போனில் ஜெனரேட்டர்காரனைக் கூப்பிட்டான். ஜெனரேட்டர் ஏதோ கல்யாணத்துக்குப் போயிருக்கிறதாம்.

போனை வைத்துவிட்டு அவன் உள்ளறை வாசலில் போய் நின்றான். கதவைத் திறக்கவில்லை. நிலையில் கை வைத்தான். கீழே மிதியடி கோணலாகக் கிடந்தது. அவன் அதைத் தொடவில்லை.

கத்தல் கொஞ்சம் வேகமானது.

நான் கார் சாவியைத் தேடி எடுத்தேன். எழுந்தேன். இத்தனை வருடமாக வைத்திருந்த கேள்வியை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டேன்.

"தெய்வா, எங்க வீட்டு இன்வெர்ட்டரைக் கழட்டிக் கொண்டுவரேன். அதுவரைக்கும் இது தாங்குமா?"