பூஜ்யத்துக்குக் கீழே

"இந்தப் பெட்டி முதலாளி பக்கம் சாய்ஞ்சிடுச்சு, தோழர்" என்றார் தவசிமுத்து.

வாயு அளக்கும் கருவியை மேசைமேல் வைத்தார். வைத்தார் என்பதைவிடப் போட்டார் என்பதே சரி.

சாராய ஆலையின் கருவிப் பிரிவில் வேலை பார்க்கும் ரோசலின் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு முப்பது வயது. சங்கச் செயலாளரான அவருக்கு அவளைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனாலும் இந்தப் பெட்டியைப் பொறுத்தவரை அவள்தான் குரு, அவர்தான் சீடர்.

"உட்காருங்கண்ணே. என்ன சொல்லுது?"

"தொட்டியில காத்து நல்லா இருக்காம். ஆக்சிஜன் போதுமாம். கரியமில வாயு அளவுக்குள்ளதானாம். ஆனா, பாதி ஏணி இறங்கின பக்கிரிக்குத் தலை சுத்திடுச்சு. கைத்தாங்கலாத்தான் தூக்கிட்டு வந்தோம்."

"மத்தவங்களை இறங்கச் சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்லை. சூப்பர்வைசர் வைத்திலிங்கம் நக்கல் அடிக்கிறான். 'உங்க சங்கம் கேட்டு வாங்கின மெஷின், உங்க கையாலேயே பார்த்த மெஷின், அதுவே சரின்னு சொன்னப்புறம் என்னய்யா'ங்கிறான். ஆளுங்க காத்திருக்காங்க. நான் தலையசைச்சா இறங்கிடுவாங்க."

நொதிப்புத் தொட்டியின் அடியில் வண்டல் தங்கும். நொதிக்கும்போது வரும் கரியமில வாயுவும் காற்றைவிடக் கனம் என்பதால் தாழ்ந்த இடத்தில்தான் தேங்கும். ஆள் இறங்கித்தான் வழிக்க வேண்டும். முன்பு மேலாளர் கைகாட்டினால் இறங்கினார்கள். சிலரைக் கயிறு கட்டித்தான் மேலே எடுக்க வேண்டியிருந்தது. அதன்பிறகு வேலைநிறுத்தம். முதலில் காற்றை அளக்க வேண்டும், அளக்கும் கை தொழிலாளியின் கையாக இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கினார்கள்.

அந்தக் கை தவசிமுத்துவின் கை. யாருக்கும் அவர் அதை விட்டுக்கொடுத்ததில்லை.

"இன்னும் கேளுங்க" என்றார். "சந்தேகப்பட்டு ஆலை கேட்டுக்கு வெளியே எடுத்துட்டுப் போனேன். அங்கே இதுக்குப் பைத்தியமே பிடிச்சிடுச்சு. கரியமில வாயு பூஜ்யத்துக்குக் கீழேயாம்! ஒண்ணுமே இல்லாததுக்கும் கீழே என்ன தோழர் இருக்கு?"

ரோசலின் சிரிக்கவில்லை.

"ஆக்சிஜன்?"

"காத்துல இருக்க வேண்டியதைவிட அதிகம். ரெண்டு சென்சாரும் சேர்ந்தே புளுகுது."

"தினமும் காலையில பொத்தானை அமுக்குறீங்கல்ல?"

"நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியே. நல்ல காத்துல வச்சு அமுக்கினா, 'இதுதான் சுத்தமான காத்து'ன்னு மனசுல வாங்கிக்கும். அதை வச்சுத்தான் மத்ததையெல்லாம் அளக்கும். பாடம் தப்பா?"

"பாடம் சரிதான். எங்கே வச்சு அமுக்கினீங்க?"

"ஆபீஸ் ஏசியிலயா வச்சு அமுக்குவேன்? நம்ம சங்க அறையிலதான். இந்த ஆலையில நாம மூச்சுவிட ஒரு இடம் உண்டுன்னா அது ஒண்ணுதான்."

சொல்லும்போதே அவர் நெஞ்சு நிமிர்ந்தது. அந்த அறையும் போராடி வாங்கியதுதான். தொட்டிகளுக்குப் பக்கத்தில், படியிறங்கிப் போக வேண்டிய பழைய சரக்கறை. மேலாளர் அரை மனசோடு சாவியைக் கொடுத்த நாளில் தவசிமுத்துவைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் உள்ளே போனார்கள்.

ரோசலின் அந்த அறைக்குள் போனதில்லை. அவளை யாரும் கூப்பிட்டதும் இல்லை.

பெட்டியை எடுத்துக்கொண்டு அவள் வெளியே நடந்தாள். அவர் பின்னாலேயே போனார்.

கேட்டைத் தாண்டிக் கரும்புக்காட்டு ஓரமாக நின்றாள். காற்று அவள் துப்பட்டாவை இழுத்தது. பெட்டியை உயர்த்திப் பிடித்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு பொத்தானை அமுக்கினாள்.

"நான் செஞ்ச வேலையைத்தானே நீங்களும் செய்யறீங்க" என்றார் அவர். குரலில் கசப்பு. "என்மேல நம்பிக்கை இல்லையா?"

"இந்தப் பெட்டிதான் உங்களை அப்படியே நம்பிடுச்சுண்ணே."

பெட்டியை அவர் கையில் கொடுத்தாள்.

"இப்ப தொட்டிக்கா?"

"முதல்ல சங்க அறைக்கு."

"அங்கே எதுக்கு? அங்கே ஆளுங்கதான் உட்கார்ந்திருக்காங்க."

"போங்கண்ணே."

படியில் பாதிகூட இறங்கியிருக்க மாட்டார். பெட்டி வீறிட்டது.

கை ஆடியிருக்கும் என்று நினைத்தார். ஒரு படி ஏறினார். அடங்கியது. மறுபடி இறங்கினார். மறுபடி வீறிட்டது.

உள்ளே பக்கிரி ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பெஞ்சில் கிடந்தான். தொட்டியில் இறங்கக் காத்திருந்தவர்களில் காத்தவராயன் மேசையில் கவிழ்ந்திருந்தான். சின்னையன் மட்டும் விழித்திருந்தான்.

"என்னண்ணே, கூட்டத்துக்கு மணியா?" என்றான் கொட்டாவியோடு. "மணி அடிச்சாலும் பிரயோஜனம் இல்லை. இந்த ரூம்ல நீங்க வாயைத் திறந்தா பத்து நிமிஷத்துல எங்களுக்கெல்லாம் சாமி வந்துடும். தலை தானா ஆடும்."

காத்தவராயன் கவிழ்ந்தபடியே சிரித்தான்.

தவசிமுத்து சிரிக்கவில்லை. தலைகள் ஆடுவதைப் பல வருஷமாகப் பார்த்தவர் அவர். உணர்ச்சி செத்த ஜென்மங்கள் என்று மேடையிலேயே திட்டியிருக்கிறார். இவர்களுக்காகவா இத்தனை அடி வாங்கினோம் என்று தனியாக நடந்து வீடு போயிருக்கிறார்.

பெட்டி கத்திக்கொண்டே இருந்தது. இந்த அறைக் காற்றைத்தான் தினமும் காலையில் சுத்தமான காற்று என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

மேலேயிருந்து வைத்திலிங்கத்தின் குரல் வந்தது. "என்ன தலைவரே, மெஷின் என்ன சொல்லுது? இறங்கலாமா?"

தவசிமுத்து குனிந்து பக்கிரியின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். அவர் வயதுக்கு மீறிய கனம். ஆனாலும் தூக்கினார்.

படி உச்சியில் நின்ற ரோசலின் வழிவிட்டு ஒதுங்கினாள்.

"எழுந்திருங்கப்பா" என்றார். அவர் அவர்களிடம் இவ்வளவு மெல்லப் பேசி யாரும் கேட்டதில்லை.

"எங்கேண்ணே? கூட்டம்?"

"மேலே வாங்க. கூட்டம் இனிமே வெளியில."