எலுமிச்சம்பழம் உருண்டால் இறக்கம்

எங்க ஊஞ்சப்பாளையத்துல புத்திசாலிகளும் இருக்காங்க. அதை மொதல்லயே சொல்லிடறேன், இல்லைன்னா நாளைக்கு எவனாவது வந்து என்கிட்ட சண்டைக்கு நிப்பான். ஆனா இந்தக் கதையில அவங்களுக்கு வேலை இல்லை.

தட்டாம்பாறை மலைப்பாதை இறங்கி சமதளம் தொடங்குற எடத்துல என் பஞ்சர் கடை. எதிர்த்தாப்ல பொங்கியண்ணனோட முட்டைக் குடோன். அதை ஒட்டி ஒரு தகர ஷெட், வாசல்ல 'மலையாண்டவர் ரெக்கவரி சர்வீஸ்'னு போர்டு. மலையில நின்னுபோற லாரிகளைக் கொக்கி போட்டுத் தூக்கி, கீழ இழுத்துட்டு வர்ற தொழில். மூணு பேர் கூட்டு. மாரப்பன் வண்டி ஓட்டுவான். வையாபுரி யோசிப்பான். குப்பண்ணன் கொக்கி மாட்டுவான், மிச்ச நேரத்துல கவலைப்படுவான். மூணு பேரும் நல்லவங்க. அதுக்கு மேல அவங்ககிட்ட எதையும் எதிர்பார்க்கக் கூடாது.

மாரப்பனுக்குப் பொங்கியண்ணன் மக மோகனா மேல ஆசை. அந்தப் புள்ளைக்கும் இவன் மேல இஷ்டந்தான். ஏன் கண்ணுன்னு நான் ஒருநாள் கேட்டேன். "அவருக்குப் பொய் சொல்லத் தெரியாதுங் சித்தப்பா"ன்னுச்சு. பொய் சொல்றதுக்கும் கொஞ்சம் மூளை வேணுமேன்னு சொல்ல வாயெடுத்தேன், அடக்கிக்கிட்டேன்.

இப்படி இருக்கையில, ரங்கநாதன்னு ஒரு ஃபிட்டர் வந்து சேர்ந்தார். அவங்க ரெக்கவரி லாரிக்கு ரெண்டு சாமானை மாட்டிவிட்டார். ஒண்ணு, டியூனர் பொட்டி. சோப்புப் பொட்டி அளவுதான் இருக்கும். எஞ்சின் ஒயர்ல சொருகிட்டா டீசல் போற கணக்கை மாத்தி இழுவையை ஏத்துமாம். இன்னொண்ணு எக்ஸாஸ்ட் பிரேக். புகைக்குழாய்க்குள்ள ஒரு மூடி. பட்டனை அமுக்கினா மூடிக்கும், புகை போக வழியில்லாம எஞ்சின் திணறும், வண்டி தானா அடங்கும்.

"நல்லாக் கேட்டுக்கங்க. பொட்டி, சக்தி இல்லாத வண்டிக்கு டானிக் மாதிரி. பிரேக் பட்டனை மலை இறங்கும்போது மட்டும் போடுங்க. ஏத்தத்துல மறந்தும் போடாதீங்க. இது இருக்கையில கால் பிரேக்கைத் தொடவே வேண்டாம், வீணாத் தேயும்"னு சொல்லிட்டுப் போயிட்டார் ரங்கநாதன். மூணு பேரும் கையைக் கட்டிக்கிட்டுக் கேட்டாங்க.

அவர் போனதும் குப்பண்ணனுக்குக் கவலை வந்துருச்சு. "ஏண்ணா, அடைச்ச புகை எங்க போகும்?"

"உள்ளயே இருக்கும். நம்ம வூட்டுக்கு வர்ற விருந்தாளி இருக்கறதில்லையா?"ன்னான் வையாபுரி.

"இறக்கம்னு எப்படிக் கண்டுபுடிக்கறது?"ன்னு மாரப்பன் கேட்டான். பதினெட்டு வயசுலருந்து அந்த மலையில ஏறி எறங்குறவன் கேக்குற கேள்வி இது! எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஆனா வையாபுரி நிதானமா யோசிச்சான். பூஜை போட்டு டயருக்கு வச்சதுல மிச்சமிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து, ஸ்டீயரிங்குக்கு முன்னால இருந்த பலகை மேல வச்சான்.

"பழம் கண்ணாடிப் பக்கம் உருண்டா இறக்கம். நம்ம பக்கம் உருண்டா ஏத்தம். நின்னா சமதளம். கண்ணு ஏமாத்தும், பழம் ஏமாத்தாது."

மறுநாள் காலையில பொங்கியண்ணனோட முட்டை லாரி மலை உச்சியில எஞ்சின் செத்து நின்னு போச்சு. மலைக்கு அந்தப் பக்கம் இருக்குற பண்ணையிலருந்து கொண்டாந்த லோடு. பொங்கியண்ணன் தகர ஷெட்டுக்கு வந்தார், மாரப்பனை மேலயும் கீழயும் பாத்தார்.

"மாப்ளே, நீ எம் பொண்ணைக் கேக்குறது எனக்குத் தெரியும். அந்த லாரியைக் கீழ கொண்டா. ஒரு முட்டைகூட உடைஞ்சிருக்கக் கூடாது. இன்னைக்கே வெத்தலைபாக்கு மாத்திக்கலாம். ஒண்ணு உடைஞ்சாலும் இந்தப் பக்கமே வராதே."

மாரப்பனுக்கு முகமெல்லாம் வேர்த்துப் போச்சு. அவன் வாழ்க்கையே அந்த முட்டை லாரித் தார்ப்பாய்க்குள்ள இருந்துச்சு. வண்டியை எடுத்து மலை உச்சிக்கு ஏறினாங்க. அங்க நிறுத்தறதுக்கும் பிரச்சினை இல்லை, ஏத்தத்துல ஆக்சிலேட்டர்லருந்து காலை எடுத்தாலே நின்னுருச்சு. கொக்கி போட்டு முட்டை லாரியோட முன்பக்கத்தைத் தூக்கினாங்க. கிளம்பப்போற நேரத்துல வையாபுரி கையைக் காட்டி நிறுத்தினான்.

"டானிக் யாருக்குக் குடுக்கோணும்? நோயாளிக்கா, நோயாளியைத் தூக்கிட்டுப் போறவனுக்கா?"

மூணு பேரும் யோசிச்சாங்க. ரங்கநாதன் சொன்னதும் சக்தி இல்லாத வண்டிக்குத்தானே? பாவம், செத்துக் கெடக்குறது முட்டை லாரி. நல்லா இருக்குற வண்டிக்கு டானிக் குடுக்குறது அநியாயம்னு முடிவாச்சு. பொட்டியைப் புடுங்கி, முட்டை லாரியோட செத்த எஞ்சின் மேல வச்சு, சணல் கயித்தால கட்டினாங்க. அதுக்குத் துணையா குப்பண்ணனை அந்த லாரியிலயே உக்கார வச்சாங்க. அவனுக்கு முன்னால இருந்த பலகை மேல இன்னொரு எலுமிச்சம்பழம், சட்டைப் பையில செல்போன்.

இறங்க ஆரம்பிச்சாங்க. முன் வண்டியில பழம் கண்ணாடிப் பக்கம் உருண்டுச்சு. "இறக்கம்!"னான் வையாபுரி. மாரப்பன் பட்டனை அமுக்கினான். வண்டி 'பொர்ர்ர்'னு செருமிட்டு அடங்குச்சு. மாரப்பனுக்குச் சந்தோஷம் தாங்கலை.

அந்த நேரம் பார்த்து செல்போன்ல குப்பண்ணன் கத்துறான்: "ஏத்தம்! ஏத்தம்ணா! பழம் என் மடிக்கு வருது! பட்டனை எடுங்க!"

அவன் மேலயும் தப்பில்லை. அவன் உக்காந்திருந்த லாரியோட மூஞ்சியைத்தான் கொக்கியில தூக்கி வச்சிருக்காங்களே. மலையே கவுந்தாலும் அவன் பழம் அவன் மடிக்குத்தான் வரும். மாரப்பன் பதறிப்போய் பட்டனை எடுத்தான். வண்டி சர்ருன்னு பாஞ்சுச்சு. "இறக்கம்!"னு வையாபுரி அலறினான், மாரப்பன் போட்டான். "ஏத்தம்!"னு போன் அலறுச்சு, எடுத்தான். இப்படியே ரெண்டு வளைவு விக்கிக்கிட்டே எறங்கினாங்க. வழியில இருந்த குரங்குங்ககூட சாப்பாட்டை விட்டுட்டு வேடிக்கை பாத்துச்சாம். கடைசியா மாரப்பன் கண்ணை மூடிக்கிட்டு பட்டனை அமுக்கிப் புடிச்சான், வண்டி பாறை ஓரத்துல முட்டி, எஞ்சின் அணைஞ்சு நின்னுச்சு. டயருக்குக் கல்லு வச்சுட்டு, ரோட்டுல உக்காந்து பேசினாங்க.

"முன் வண்டி எறங்குது. பின் வண்டி ஏறுது. இது எப்படி?"ன்னான் மாரப்பன்.

"நான் பொய் சொல்லலைண்ணா. வேணும்னா பழத்தைக் கேளுங்க"ன்னான் குப்பண்ணன், அழுகிற குரல்ல.

வையாபுரி எந்திரிச்சு ரெண்டு வண்டியையும் சுத்தி வந்தான். அவன் கண்ணுல தண்ணி வந்துருச்சு. "புரியலையாடா உங்களுக்கு? பொட்டி! அந்தப் பொட்டியோட வேலை! எஞ்சின் செத்த வண்டி இறக்கத்துலயே ஏறுதுன்னா, அது எப்பேர்ப்பட்ட பொட்டியா இருக்கோணும்!"

மூணு பேரும் பொட்டியைத் தொட்டுக் கும்புட்டாங்க. ரங்கநாதன் இதைக் கேட்டிருந்தா அடுத்த பொட்டிக்கு ரெண்டு மடங்கு விலை சொல்லியிருப்பார்.

"அப்ப பட்டனைப் போடறதா, வேண்டாமா?"ன்னான் மாரப்பன்.

"ஏறுறதைப் பாக்க ஆள் இருந்தாத்தானே ஏத்தம்? குப்பண்ணா, நீ முன்னால வந்து உக்காரு"ன்னான் வையாபுரி. குப்பண்ணன் முன்னால வந்தான். அதுக்கப்புறம் யாரும் ஏத்தம்னு சொல்லலை. பட்டன் போட்டபடியே வண்டி ஆடாம அசையாம மிச்ச மலை முழுக்க எறங்குச்சு. உள்ளதைச் சொல்லோணும்ல, அந்த எக்ஸாஸ்ட் பிரேக் நல்ல சாமான்தான்.

நான் கடை வாசல்ல நின்னு பாத்துட்டிருந்தேன். பொங்கியண்ணன் குடோன் முன்னால கையைத் தூக்கிக்கிட்டு நிக்குறார். வண்டி சமதளத்துக்கு வந்துச்சு. பழம் நின்னுச்சு. மாரப்பன் பட்டனை எடுத்துட்டான். வண்டி எங்களைத் தாண்டிப் போய்க்கிட்டே இருந்துச்சு.

"டேய், நிறுத்துடா!"

"இறக்கம் வரட்டுங் மாமா, நிறுத்தறேன்!"னு ஜன்னல் வழியாக் கத்திட்டே போனான் மாரப்பன்.

ஊர்க் கோயிலைச் சுத்திட்டு மறுபடி வந்தாங்க. நான் ரோட்டுல எறங்கி, "கால் பிரேக்கைப் போடுடா கூமுட்டை!"ன்னேன். "தொடக் கூடாதுன்னு ஃபிட்டர் சொல்லியிருக்காருங்!"னு மரியாதையாப் பதில் சொல்லிட்டுப் போனான். குப்பண்ணன் எனக்குக் கும்பிடு வேற போட்டான். எனக்கு வந்த கோவத்துக்கு, கையில இருந்த டயர் லீவரை வீசியிருப்பேன். முட்டையை நெனைச்சு விட்டுட்டேன்.

பொங்கியண்ணன் பின்னாலயே ஓடி ஓடி, வேட்டி அவுந்து என் கடை ஸ்டூல்ல உக்காந்துட்டார். அப்பத்தான் மோகனா ஸ்கூட்டியை எடுத்துச்சு. லாரிக்குப் பக்கத்துலயே ஓட்டிக்கிட்டுப் போய் உள்ள எட்டிப் பாத்துச்சு. மூணு பேரும் ஒரு எலுமிச்சம்பழத்தையே மொறைச்சுப் பாத்துட்டு இருக்காங்க. அந்தப் புள்ளைக்கு ஒரு பார்வையிலயே வெவரம் புரிஞ்சு போச்சு.

குடோன் வாசலுக்கிட்ட வர்றப்ப, "குப்பண்ணா, அந்தப் பழத்தை முன்னால ஒரு தட்டு தட்டுங்க"ன்னுச்சு.

குப்பண்ணன் சொன்னதைச் செய்யறவன். தட்டினான். பழம் உருண்டு கண்ணாடியில இடிச்சுச்சு.

"இறக்கம்!"னான் வையாபுரி. மாரப்பன் பட்டனை அமுக்கினான். வண்டி செருமி, குலுங்கி, குடோன் வாசல்ல கோலம் போட்ட எடத்துக்கு நேரா நின்னுச்சு.

பொங்கியண்ணன் தார்ப்பாயை அவுத்தார். அட்டை அட்டையாத் தூக்கிப் பாத்தார். நானும் பாத்தேன். சாமி சத்தியமாச் சொல்றேன், ஒரு கீறல் இல்லை. பொங்கியண்ணன் மாரப்பனைக் கட்டிப் புடிச்சுக்கிட்டார். "மாப்ளே, ஜெயிச்சுட்டே! இரு, நம்ம சனத்தைக் கூப்பிட்டுட்டு, வெத்தலைபாக்கு வாங்கிட்டு வந்தர்றேன்"னு கெளம்பினார். மோகனா சேலை மாத்த உள்ள போயிருச்சு. எனக்கும் மனசு நெறைஞ்சு போச்சு. ஒரு டயர் காத்திருந்ததால கடைக்குத் திரும்பினேன்.

அந்தச் சித்த நேரத்துல வையாபுரி யோசிச்சுட்டான்.

"மாரப்பா, ஓடு உடையலை. ஒத்துக்கறேன். உள்ள?"

"உள்ளன்னா?"

"அந்த ரெண்டு வளைவுல எப்படிக் குலுங்குச்சு! மேல நல்லா இருந்து, உள்ள மஞ்சக்கரு உடைஞ்சிருந்தா? மாமா என்ன சொன்னாரு? ஒண்ணுகூட உடைஞ்சிருக்கக் கூடாதுன்னாரு. வெளியவா உள்ளயான்னு சொன்னாரா?"

மாரப்பன் முகம் வெளுத்துப் போச்சு. பொய் சொல்லத் தெரியாதவனாச்சே. தெரியாத விஷயத்தைத் தெரியும்னு சொல்லிப் பொண்ணு கட்டறது அவனுக்கு ஆகாது.

நான் டயரை மாட்டி அனுப்பிட்டு நிமிந்து பாத்தா, மூணு பேரும் லாரிக்குப் பின்னால சம்மணம் போட்டு உக்காந்திருக்காங்க, நடுவுல ஒரு ட்ரம். குப்பண்ணன் முட்டையை எடுத்துக் குடுக்கறான். மாரப்பன் தட்டி ஊத்தறான். வையாபுரி குனிஞ்சு பாத்து, "இது உடையலை. அடுத்தது"ங்கறான். பின்பக்கத்து அடுக்கு பூராக் காலி. ஓடி வந்து ட்ரம்மை எட்டிப் பாத்தேன். என் வாயில வந்ததை இங்க எழுத முடியாது.

அதுக்குள்ள பொங்கியண்ணன் வெத்தலைத் தட்டோட, பத்துப் பதினஞ்சு உறவுக்காரங்களோட வந்துட்டார். மாரப்பன் ஓட்டுத் துண்டு ஒட்டின கையோட எந்திரிச்சு நின்னான்.

"மாமா, இதுவரைக்கும் பாத்ததுல ஒண்ணுகூட உள்ள உடையலீங்!"

பொங்கியண்ணன் ட்ரம்மைப் பாத்தார், லாரியைப் பாத்தார். இன்னைக்கு ஒரு கொலை விழுகுதுடா சாமின்னு நான் நடுவுல போய் நின்னேன். அவர் என்னை ஒதுக்கிட்டு, மெதுவாக் கேட்டார்.

"முன்பக்கத்து அடுக்கு?"

"இன்னும் பாக்கலீங் மாமா."

"அதெப்படி? பாதியில விடறதா? உடைஞ்சது இருந்தா அதுலதான் இருக்கும்!" வெத்தலைத் தட்டை என் கையில குடுத்துட்டு, சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு அவரும் உக்காந்துட்டார். உறவுக்காரங்களும் ஆளுக்கு ஒரு அட்டையை எடுத்தாங்க.

கடைசி முட்டையைத் தட்டுற நேரத்துக்கு மோகனா பட்டுச்சேலை கட்டி, தலை நெறையப் பூ வச்சு வெளிய வந்துச்சு. ட்ரம்மைப் பாத்துச்சு. ஓட்டுக் குவியலைப் பாத்துச்சு. அப்பனைப் பாத்துச்சு. கடைசியா மாரப்பனைப் பாத்துச்சு.

"ஏனுங்ப்பா, மாப்பிள்ளை தலையும் மேல நல்லாத்தான் இருக்குது. உள்ள என்ன இருக்குதுன்னு அதையும் ஒருக்கா உடைச்சுப் பாத்தர்லாங்களா?"

மாரப்பன் அது நியாயமான கேள்வின்னு தலையாட்டினான். தலையில கட்டியிருந்த துண்டை அவுத்து வையாபுரிகிட்டக் குடுத்தான். ட்ரம்மைக் காலால பக்கத்துல இழுத்து வச்சு, அதுக்கு மேல தலையைக் குனிஞ்சு காட்டினான்.

"மெதுவாத் தட்டுங்க அம்மிணி, மஞ்சக்கரு உடைஞ்சிறப் போவுது."